கூட்டை மறைத்த கொப்பு: தூரிகை, துப்பாக்கி, கெமரா



இது சற்று நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளின் கையில் போன் கொடுத்திருக்கும் பெற்றோர் கட்டாயம் வாசியுங்கள்.

சென்ற தவணை எமது பாடசாலைச் சுற்றாடல் கழகத்தின் சார்பில் ஒரு புகைப்படப் போட்டி நடத்தினோம். ஊரிலுள்ள பறவைகள், விலங்குகளைப் படம் எடுத்து வர வேண்டும். கெமரா தேவையில்லை, போன் போதும் என்றோம். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. குளத்துக் கொக்கு, வயலில் நின்ற ஆட்காட்டி, மதிலில் ஓணான், முருங்கையில் அணில் எனப் பார்க்கப் பார்க்க சந்தோசமாக இருந்தது.

முதற்பரிசு தரம் 10 மாணவன் ஒருவனின் படத்துக்குக் கிடைத்தது. வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய போனில் எடுத்திருந்தான். தேசிக்காய் மரத்தில் தொங்கும் தேன்சிட்டின் கூடு, அதன் வாசலில் இரண்டு குஞ்சுகளின் அலகுகள். நடுவர்களாக இருந்த நாம் புள்ளித்தாளில் எழுதிய காரணம் இன்றும் நினைவிருக்கிறது: "கூடு மறைவின்றி மிகத் தெளிவாகத் தெரிகிறது." படத்தைப் பெரிதாக அச்சிட்டு அதிபர் அறைக்கு வெளியே மாட்டினோம். பேஸ்புக்கிலும் போட்டோம். உங்களில் பலர் லைக் போட்டீர்கள். பகிர்ந்தும் இருந்தீர்கள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் பிள்ளை இடைவேளையில் தனியாக வந்து நின்றான்.

"சேர், படம் எடுக்கக்குள்ள ஒரு கொப்பு மறைச்சிச்சி. அதான் வெட்டினன். அடுத்த நாள் போய்ப் பாத்தா குஞ்சு ரெண்டும் இல்ல சேர். காகம் கொண்டு போயிட்டுதாம் எண்டு உம்மா சொன்னாங்க. பரிசத் திருப்பித் தரட்டா?"

அவனுக்கு என்ன பதில் சொல்வது? மறைவின்றித் தெரிகிறது என்று புள்ளி கொடுத்தவர்கள் நாம்தானே. அந்த மறைவுதான் குஞ்சுகளின் பாதுகாப்பு என்பது படித்த எமக்குத் தோன்றவில்லை. வெட்டியது அவன் கை. வெட்டத் தூண்டியது எமது புள்ளித்தாள்.

அன்றிலிருந்து, மனிதன் காட்டுயிர்களைப் படமாக்கத் தொடங்கிய வரலாற்றைத் தேடி வாசித்தோம். ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தல் முறைகள் படித்தோமே தவிர, இது எமக்கு யாரும் சொல்லித்தராத பாடம். வாசித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வது எமது கடமை எனக் கருதுகிறோம்.

*

முதலில் வந்தது தூரிகை.

1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்த தேசாதிபதியாக இருந்தவர் ஜோன் கிடியோன் லோட்டன். கறுவா வியாபாரத்தைப் பார்க்க வந்தவருக்கு இந்நாட்டுப் பறவைகள் மீது ஆசை பிறந்தது. பீற்றர் கோர்னெலிஸ் டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் நீர்வர்ணத்தில் வரையச் செய்தார். டி பெவெரே இங்கேயே பிறந்த கலப்பு வம்சாவளியினர். அந்த ஓவியங்கள் ஐரோப்பாவுக்குப் போயின. அங்கிருந்த இயற்கையியலாளர்கள் எமது பறவைகள் பலவற்றை அவற்றின் மூலமே அறிந்தார்கள்.

நீண்டு வளைந்த அலகுடைய ஒரு தேன்சிட்டு எமது வீட்டுப் பூமரங்களுக்கும் வருவதைக் கண்டிருப்பீர்கள். அதன் விஞ்ஞானப் பெயரில் இந்த லோட்டனின் பெயர்தான் இருக்கிறது. 1766இல் லின்னேயஸ் அப்பெயரைச் சூட்டினார். எமது வேலியில் தேன் குடிக்கும் குருவிக்கு ஒல்லாந்த தேசாதிபதியின் பெயர் இருப்பதை நாமும் இப்போதுதான் அறிந்தோம்.

*

அடுத்து வந்தது துப்பாக்கி.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் காடு வேட்டைக்காரரின் மைதானமாயிற்று. மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். சாமுவேல் பேக்கர் என்பவர் இலங்கையில் தான் ஆடிய வேட்டைகளையே ஒரு புத்தகமாக எழுதினார். கொன்ற எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவது அக்கால வழக்கம்.

அறிவுக்காகச் சுட்டவர்களும் இருந்தார்கள் என்பதை நீதியாகச் சொல்ல வேண்டும். வின்சன்ட் லெக் என்ற இராணுவ அதிகாரி இலங்கையில் கடமையாற்றிய ஆண்டுகளில் நாடெங்கும் அலைந்து பறவைகளைச் சேகரித்தார். 1880இல் நிறைவுற்ற அவரது இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூல் இன்றைக்கும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை. அதிலுள்ள வர்ணப் படங்களை கூலெமன்ஸ் என்ற ஓவியர் வரைந்தார். ஆனால் பறவையைச் சுட்டு, தோலை உரித்துப் பதப்படுத்தி, மேசையில் வைத்துத்தான் அக்காலத்தில் ஆராய முடிந்தது. பறக்கும் குருவியைப் பிடிக்கும் வேகம் அன்றைய கெமராவுக்கு இல்லை.

துப்பாக்கி ஏந்தியவர்களே ஒரு கட்டத்தில் பயந்தார்கள். இப்படியே போனால் சுடுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் அது. 1894இல் வேட்டைக்காரர்களும் தோட்டத் துரைமாரும் சேர்ந்து வேட்டை விலங்குகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுவே பிற்காலத்தில் வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. 1937இல் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாகின. அதே ஆண்டில் எமது கிழக்கின் தெற்கு முனையிலுள்ள குமண பறவைகள் சரணாலயமாயிற்று. அச்சட்டம் பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. மிகச் சில இனங்களைத் தவிர ஏனைய பறவைகளும், அவற்றின் முட்டைகளும் கூடுகளும் இன்று அதன் பாதுகாப்பில் இருக்கின்றன. கூட்டைச் சேதப்படுத்துவது மனச்சாட்சிப் பிரச்சினை மட்டுமல்ல, சட்டப் பிரச்சினையும்தான்.

இவ்விடத்தில் எமது சமூகத்தின் கதையொன்றையும் சொல்ல வேண்டும். யானை பிடிக்கும் பணிக்கர்கள் எமது மூதாதையரில் இருந்தார்கள். வடக்கு, வடமேற்கு முஸ்லிம் கிராமங்களின் பணிக்கர்களைப் பற்றி எமர்சன் டெனன்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வியந்து எழுதியிருக்கிறார். எமது கிழக்கிலும் பணிக்கர் பரம்பரையை இன்றும் பெரியவர்கள் நினைவுகூர்கிறார்கள். தோற்கயிற்றுச் சுருக்கோடு காட்டுக்குள் போவார்கள். மிதிபட்ட புல்லைப் பார்த்து யானை எப்போது கடந்தது என்று சொல்வார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, யானைக்கே தெரியாமல் பின்னங்கால் வரை நெருங்குவார்கள். யானையைப் பிடித்து விற்றது அக்காலத் தொழில். அது இன்றைக்கு ஏற்றதல்ல. ஆனால் அந்தப் பொறுமையும், தடம் பார்க்கும் அறிவும், தன்னை மறைத்துக்கொள்ளும் பயிற்சியும் காட்டுயிர் படமெடுப்பவருக்கு வேண்டியவை. எமது பிள்ளைகளுக்கு அது அந்நியமான கலை அல்ல.

*

இனிக் கெமராவுக்கு வருவோம்.

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் மலைக் கிராமமொன்றில் பிறந்த சகோதரர்கள் இருவர், றிச்சர்ட் கியர்ட்டனும் செரி கியர்ட்டனும். றிச்சர்ட் சிறுவயதில் பறவைக்கூடு தேடி மரத்தில் ஏறி விழுந்ததால் வாழ்நாள் முழுக்க நொண்டி நடந்தவர். 1892இல் முட்டைகளோடு இருந்த ஒரு குருவிக்கூட்டைச் செரி படமெடுத்தார். கூட்டை இருந்த இடத்திலேயே வைத்து எடுத்த முதற் படங்களில் ஒன்றாக அது கருதப்படுகிறது. 1895இல் முழுக்க முழுக்கப் புகைப்படங்களைக் கொண்டே பறவைக்கூடுகள் பற்றி ஒரு நூலை வெளியிட்டார்கள்.

அவர்கள் கையாண்ட வழிதான் எமக்குப் பாடம். பறவை பயப்படக்கூடாது என்பதற்காக, பதப்படுத்திய மாட்டுத்தோலால் உள்ளே வெறுமையான ஒரு மாடு செய்தார்கள். அதன் வயிற்றுக்குள் ஆள் புகுந்துகொண்டு, கெமராவையும் உள்ளே வைத்து, மணிக்கணக்கில் அசையாமல் நின்றார்கள். செம்மறியாடு போலவும், மரக்குற்றி போலவும் மறைவிடங்கள் செய்தார்கள். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் கவனியுங்கள்: அவர்கள் மறைத்தது தங்களை. எமது மாணவன் அகற்றியது பறவையின் மறைவை. முழு வித்தியாசமும் இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷைராஸ் என்பவர் இரவில் தோணியில் சென்று, வெளிச்சம் பாய்ச்சி மான்களைப் படமெடுத்தார். அவரும் முன்னர் வேட்டைக்காரர்தான். துப்பாக்கியை வைத்துவிட்டுக் கெமராவை எடுத்தவர். 1906 ஜூலை மாத நெஷனல் ஜியோகிரபிக் இதழில் அவரது 74 படங்கள் வந்தன. இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டி, புலியே தன்னைப் படமெடுக்கும்படி செய்தார். 1927இல் அப்படங்களோடு அவரது நூல் வெளிவந்தது. புலியைச் சுட்டுக் காலடியில் போட்டு நின்று படமெடுப்பதே பெருமையாக இருந்த காலத்தில், அவர் உயிருள்ள புலியின் படத்தை மக்கள் முன் வைத்தார்.

*

எமது பிள்ளைகள் கட்டாயம் அறியவேண்டிய பெயர் சலீம் அலி. 1896இல் மும்பாயில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. வழக்கமான குருவி போல் தெரியவில்லை. இதை உண்பது ஆகுமா என்ற ஐயத்தோடு மாமாவிடம் கொண்டுபோனார். மாமாவுக்கும் தெரியவில்லை. மும்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்த அதிகாரி பதப்படுத்தப்பட்ட பறவைகள் நிறைந்த அலுமாரிகளைத் திறந்து காட்டினார். அந்த ஒரு நாள் அவரது வாழ்க்கையையே மாற்றியது. 1941இல் வந்த அவரது இந்தியப் பறவைகள் நூலைக் கொண்டு ஒரு பரம்பரையே பறவை பார்க்கக் கற்றுக்கொண்டது.

ஒரு சிறுவன் தெரியாமல் செய்த பிழையை அந்த மாமா அதட்டி முடித்திருக்கலாம். அந்த அதிகாரியும் விரட்டியிருக்கலாம். இருவரும் அப்படிச் செய்யவில்லை. ஆசிரியர்களாகிய எமக்கு இதில் படிப்பினை இருக்கிறது.

சலீம் அலியுடன் களத்துக்குச் சென்று படமெடுத்தவர் சிங்கப்பூரைச் சேர்ந்த லோக் வான் தோ. பெரும் செல்வந்தர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்தபோது சலீம் அலியோடு நட்பானார். மறைவிடத்துக்குள் அமர்ந்து பறவையின் வருகைக்காகக் காத்திருப்பார். பணத்தால் நல்ல கெமரா வாங்க முடிந்தாலும், பறவையின் நம்பிக்கையை அவரும் காத்திருந்துதான் பெற்றார்.

*

எமது நாட்டின் அண்மைக்காலக் கதை இன்னும் அருமையானது.

1995இல் கித்துல்கல மழைக்காட்டில் தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர், முன்னர் கேட்டிராத ஒரு குரலை இரவில் கேட்டார். உடனே பெரிதாக எழுதிப் போடவில்லை. ஆண்டுக்கணக்கில் அக்குரலைப் பின்தொடர்ந்தார். 2001இல் சிங்கராஜ வனத்தில் அந்தப் பறவையைக் கண்ணால் கண்டார். அது உலகம் அறியாத ஒரு சிறிய ஆந்தை. 2004இல் புதிய இனமாக விஞ்ஞான முறைப்படி அறிவிக்கப்பட்டது. இலங்கையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புதிய பறவை இனம் எதுவும் அறிவிக்கப்படாத நிலையில் கிடைத்த கண்டுபிடிப்பு இது.

அதன் விஞ்ஞானப் பெயரில் இருப்பது திலோ ஹொஃப்மனின் பெயர். 1970களில் சிங்கராஜ வனத்தில் மரம் வெட்டுவதை எதிர்த்து முன்னின்று போராடியவர் அவர். அந்த மரங்கள் அன்று முழுதாக வெட்டப்பட்டிருந்தால் ஆந்தையும் இல்லை, குரலும் இல்லை, படமும் இல்லை. காடு முதலில் மிஞ்சியது. அதனால்தான் பிறகு படம் கிடைத்தது.

இதற்கு எதிரான கதையும் உண்டு. அம்பாந்தோட்டை மாவட்டத்துப் பூந்தல, 1990இல் இலங்கையின் முதலாவது றம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் அங்கு பூநாரைகள் பெருங்கூட்டமாக நின்ற படங்களை நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். மேலே நீர்ப்பாசனத் திட்டத்திலிருந்து வழிந்த நன்னீர் களப்புகளுக்குள் சேர்ந்து, நீரின் உப்புத்தன்மை குறைந்தது. பூநாரை தின்னும் நுண்ணுயிர்களும் சிற்றுயிர்களும் உவர் நீரை நம்பியவை. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளுக்குப் பிறகு அங்கு பூநாரைக் கூட்டங்கள் இல்லாமற் போயின. இன்று அவற்றைப் பார்க்க மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் போக வேண்டும். பூந்தலவில் எடுத்த பழைய படங்கள் இப்போது அழகுப் படங்கள் அல்ல, சாட்சிகள். இங்கே இவை நின்றன என்று சொல்ல வேறென்ன ஆதாரம் உண்டு? ஆகவே படமெடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எடுங்கள். எமது குளத்தையும் வயலையும் களப்பையும் எடுத்து, திகதி குறித்து வையுங்கள். நாளை குப்பை கொட்டியோ மண் நிரப்பியோ ஓர் இடம் அழிந்தால், அங்கு என்ன இருந்தது என்று சொல்ல அந்தப் படம் வேண்டும்.

*

துப்பாக்கி போய்க் கெமரா வந்தது நல்ல மாற்றம். ஆனால் துப்பாக்கியோடு இருந்த ஒரு குணம் கெமராவுக்குள்ளும் வந்துவிட்டது என்பதே வாசித்து முடித்தபோது எமக்குப் பட்டது. எல்லோரையும் விட நெருங்க வேண்டும், எல்லோருக்கும் முன் காட்ட வேண்டும் என்ற ஆசை அது. அன்று கொம்பைச் சுவரில் மாட்டினார்கள். நாம் படத்தை அதிபர் அறை வாசலில் மாட்டினோம். யாலவில் ஒரு சிறுத்தைக்காக ஜீப்புகள் முண்டியடிப்பதும், எமது பிள்ளை ஒரு கொப்பை வெட்டியதும் ஒரே ஆசையின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும்தான்.

பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததையும், அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்ததையும் அபூதாவூத் கிரந்தத்தில் படித்திருக்கிறோம். வகுப்பில் பலமுறை சொல்லியும் கொடுத்திருக்கிறோம். அதைச் சொன்ன அதே வாயால்தான் அந்தப் படத்துக்குப் பரிசும் அறிவித்தோம். எமது பிள்ளை குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றான். நாமும்தான்.

அவனிடம் பரிசைத் திரும்ப வாங்கவில்லை. உண்மையைச் சொல்ல வந்தவனுக்குத் தண்டனை கொடுத்தால் அடுத்த பிள்ளை வாய் திறக்காது. ஆனால் அவனிடம் கேட்டுக்கொண்டே படத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம். பேஸ்புக்கிலிருந்தும் நீக்கினோம். பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீங்களும் நீக்கிவிடுங்கள். இப்போது அவன் காலையில் பாடசாலை வேலியோரம் நின்று வரும் பறவைகளை எண்ணி ஒரு கொப்பியில் எழுதுகிறான். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

அடுத்த போட்டிக்குச் சில மாற்றங்களைத் தீர்மானித்திருக்கிறோம்.

1. கூடு, முட்டை, குஞ்சுப் படங்கள் ஏற்கப்படமாட்டா. எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

2. கொப்பு, இலை, புல் எதையும் வெட்டவோ வளைத்துக் கட்டவோ கூடாது. மறைத்தால் மறைத்தபடியே எடுங்கள்.

3. படத்தோடு நான்கு வரி எழுதித் தர வேண்டும். எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், நீங்கள் போன பிறகு அது என்ன செய்தது? அந்த வரிகளுக்கும் புள்ளி உண்டு.

4. பறவை அலகில் இரையோடு நின்று, கூட்டுக்குப் போகாமல் கத்திக்கொண்டிருந்தால் நாம் கிட்ட நிற்கிறோம் என்று அர்த்தம். உடனே பின்னால் வர வேண்டும்.

5. பறவை இருக்கும் சரியான இடத்தைப் பேஸ்புக்கிலோ வட்ஸ்அப் குழுமங்களிலோ போடக்கூடாது.

ஐந்தாவது விதியை நாமும் இந்தப் பதிவில் கடைப்பிடித்திருக்கிறோம். குளத்தின் பெயரையும், அந்தத் தேசிக்காய் மரம் நிற்கும் வளவையும் எழுதவில்லை. ஊரவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் கொமெண்டில் போட வேண்டாம். நேற்றுப் பின்னேரம் அந்தப் பக்கமாக வரும்போது, அதே மரத்தின் மறுபக்கத்தில் ஒரு சோடித் தேன்சிட்டு நார் கொண்டு வந்து சேர்ப்பதைக் கண்டோம். போன் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

வரலாற்றுத் தகவல்களில் பிழை ஏதும் இருப்பின் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பணிக்கர்களைப் பற்றியோ, முன்னர் எமது குளத்துக்கு வந்து இப்போது வராத பறவைகளைப் பற்றியோ நினைவுகள் இருந்தால் கேட்டு எழுதி அனுப்புங்கள். அவற்றைச் சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஒரு சுவர்ப் பத்திரிகை செய்யலாம் என்றிருக்கிறோம். அதிபர் அறை வாசலில் ஓரிடம் காலியாக இருக்கிறது.